பருப்பு முதல் அணுக்கரு வரை



விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதுவோர் அறிஞர்களின் வாழ்க்கையையும், அவர்கள் ஆக்கிய கருவிகளையும், கண்டறிந்த உண்மைகளையும் விரித்துரைப்பர். அவ்வுண்மைகளுக்கு இடப்பட்ட பெயர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. சில வேளைகளிற் பெயரே அறிஞருக்கு வழிகாட்டியிருக்கிறது. வேறு சில வேளைகளில் அதுவே அவர்களை வழிதவறவும் செய்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் சான்றாக நிற்கும் ஒரு சொல்லின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் நியூக்கிளியசு என்றும், நம் பாடநூல்களிற் கரு என்றும் வழங்கும் சொல்லே அது.

ஒரு பாடசாலையில் ஒரே நாளில் நிகழும் பாடங்களை எண்ணிப் பாருங்கள். ஓர் அறையில் உயிரியல் ஆசிரியர் கலத்தின் கருவைப் பற்றிப் படிப்பிக்கிறார். அடுத்த அறையில் பௌதிக ஆசிரியர் அணுவின் கருவைப் பற்றிப் பேசுகிறார். புவியியல் வகுப்பில் மழைத்துளிக்கு ஒரு கரு வேண்டும் என்கின்றனர். வானியல் நூலைப் புரட்டினால் வால்வெள்ளிக்கும் கரு உண்டு. “இவையெல்லாம் ஒன்றா?” என்று ஒரு மாணவன் வினவினால், “நடுவில் இருப்பது கரு” என்று விடை கூறி அமர்த்திவிடுதல் எளிது. அவ்விடை எவ்வளவு குறையுடையது என்பதை இச்சொல்லின் வரலாறு காட்டும்.

இலத்தீன் மொழியில் நூக்ஸ் என்பது ஓடுடைய கொட்டையைக் குறிக்கும். அக்கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்புக்கு நியூக்கிளியசு என்று பெயர். பழத்தினுள் இருக்கும் வித்தையும் அச்சொல்லாற் சுட்டினர். உரோம மக்களின் அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் உரிய எளிய சொல் அது. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விற்றூவியஸ் என்னும் கட்டடக்கலை அறிஞர், தளம் அமைக்கும் முறையை விளக்குமிடத்து அதனை வேறொரு பொருளில் வழங்கினார். கற்களையும் சல்லியையும் பரப்பியபின், மூன்று பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து இடும் படைக்கு நியூக்கிளியசு என்று பெயர். அதன்மேலேதான் மேற்றளம் பதிக்கப்படும். ஆகவே விஞ்ஞானம் இச்சொல்லைக் கையிலெடுக்கும் முன்னரே அது பழத்தோட்டத்திலிருந்து கொத்தனாரின் பட்டறைக்கு வந்துவிட்டது. கண்ணுக்குப் புலப்படாது உள்ளே நின்று பயன் தருவது என்பதே அவ்விரண்டுக்கும் பொதுவான கருத்து.

தொலைகாட்டி தோன்றியபின் வானியலாளர் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். வால்வெள்ளியின் மங்கலான தலைப்பகுதியினுள்ளே ஒளிமிக்க புள்ளி ஒன்று தென்பட்டது. புகைபோன்ற ஓட்டினுள்ளே பருப்பு இருப்பதாக அவர்கள் கண்ணுக்குத் தோன்றியமையால், அதற்கு அப்பெயர் வாய்த்தது. அப்புள்ளி எத்தகைய பொருளால் ஆனது என்பதை அன்று எவரும் அறியார். பெயர் வழங்கத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றபின், 1950ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலாளரான பிரெட் விப்பிள் அது பனிக்கட்டியும் தூசியும் கலந்த திண்மம் என்னும் கொள்கையை வெளியிட்டார். 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆந் திகதி ஜியோற்றோ என்னும் ஐரோப்பிய விண்கலம் ஹலியின் வால்வெள்ளிக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அண்மையிற் சென்று அதன் கருவைப் படம் பிடித்தது. ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமும் 8 கிலோமீற்றர் அகலமும் கொண்ட, நிலக்கரியினும் கரிய ஒரு பொருள் அப்படத்திற் காணப்பட்டது. ஒளிமிக்கது எனக் கருதிப் பெயரிடப்பட்ட பருப்பு உண்மையில் மிகக் கரியது. அதனின்று வெளிப்பட்ட தூசியும் வாயுவுமே சூரிய ஒளியில் விளங்கின.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிலே இச்சொல் கனிப்பொருளியலினுள் நுழைந்தது. பிரெஞ்சு மொழியில் பழத்தின் கொட்டையை நுவயோ என்பர். பளிங்குகளை ஆராய்ந்த ஆயுயி என்னும் துறவி, புறவடிவத்தில் வேறுபட்ட கல்சைற்றுப் பளிங்குகளை உடைத்துச் செல்லுந்தோறும் ஒரே வடிவமான உட்பளிங்கு எஞ்சுவதைக் கண்டார். பளிங்கின் கொட்டை இதுவே என்றார். 1784ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல் பளிங்கியலுக்கு அடிகோலியது. 1830களிற் சுரங்கப் பொறியியல் கற்ற லோரான் என்னும் பிரெஞ்சு இரசாயனர், காபன் சேர்வைகளுக்கும் அத்தகைய கொட்டை ஒன்று உண்டென்று ஒரு கொள்கையை வகுத்தார். அக்கொள்கை நாளடைவில் மறைந்தது. எனினும், பென்சீன் வளையத்தைப் பென்சீன் கரு என்று இரசாயனர் நெடுங்காலம் வழங்கினர். மாறாத உட்கூறு என்பது இங்கே சொல்லின் பொருளாயிற்று.

இனி உயிரியலுக்கு வருவோம். இங்கேதான் இச்சொல் பெருவாழ்வு பெற்றது. பெரும்பிழை ஒன்றுக்கும் துணைபோயிற்று.

1831ஆம் ஆண்டில் இலண்டன் இலினேயன் கழகத்தில் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலாளர் ஒரு கட்டுரை வாசித்தார். ஓக்கிட்டுச் செடிகளின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வு அது. இலையின் மேற்றோலை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, ஒவ்வொரு கலத்திலும் சுற்றியுள்ள பகுதியிலும் ஒளி குன்றிய வட்டமான ஒரு பொருள் இருப்பதை அவர் கண்டார். அவருக்கு முன்னரே சிலர் அதனைக் கண்டிருந்தனர், வரைந்துமிருந்தனர். அது பெரும்பாலான கலங்களுக்குரிய பொதுவுறுப்பாகலாம் என்பதை உணர்ந்து பெயரிட்டவர் பிறவுண். அப்பெயரையும் அவர் தயக்கத்துடனேயே முன்வைத்தார். அதன் தொழில் என்னவென்பதை அவர் கூறவில்லை.

தயக்கத்துடன் இடப்பட்ட அப்பெயரை அடுத்து வந்தோர் துணிவுடன் எடுத்துக்கொண்டனர். செருமனியில் 1838ஆம் ஆண்டிற் சிலைடனும் 1839ஆம் ஆண்டிற் சுவானும் உயிர்களெல்லாம் கலங்களால் ஆனவை என்னும் பெருங்கொள்கையை நிலைநாட்டினர். புதிய கலம் எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவுக்கு அவர்கள் கூறிய விடை வியப்பானது. கரைசலில் ஒரு சிறு பளிங்கைச் சுற்றி மேலும் மேலும் பொருள் படிந்து பெரும்பளிங்கு வளர்வதுபோல, உயிர்ப்பாயத்தில் முதலிற் சிறு மணி ஒன்று திரள, அதைச் சுற்றிக் கரு படிய, கருவைச் சுற்றிக் கலம் படிகின்றது என்றனர். கனிப்பொருளியல் கற்றோருக்குப் பழகிய படிமம் உயிரியலிற் புகுந்து ஆட்சி செய்தது. அது பிழை என்பதை 1850களில் இறேமாக்கும் விர்ச்சோவும் காட்டினர். கலம் படிந்து வளர்வதில்லை. முன்னுள்ள கலம் பிரிந்தே புதிய கலங்கள் பிறக்கின்றன. பிளெமிங் என்பார் கருப்பிரிவின்போது நிகழ்வனவற்றைப் படிப்படியாக வரைந்து 1882ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இதற்கிடையே 1869ஆம் ஆண்டிற் செருமனியின் தூபிங்கன் நகரில், மீசர் என்னும் இளம் சுவிற்சர்லாந்து மருத்துவர் அறுவை மருத்துவமனையிலிருந்து சீழ்படிந்த கட்டுத்துணிகளைப் பெற்றார். சீழிலுள்ள வெண்குருதிக் கலங்களின் கருக்களைப் பிரித்தெடுத்தார். பொசுபரசு செறிந்ததும் புரதமல்லாததுமான ஒரு பதார்த்தம் அவற்றில் இருந்தது. கருவிலிருந்து பெற்றமையால் அதற்கு நியூக்கிளின் என்று பெயரிட்டார். 1889ஆம் ஆண்டில் அல்ற்மான் அதனை நியூக்கிளிக் கமிலம் என்றார். 1953ஆம் ஆண்டில் அதன் அமைப்புத் தெளிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் இயல்புகள் அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளன என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. பருப்பைக் குறித்த இலத்தீன் சொல் இவ்வாறு நம் ஒவ்வொருவரின் பரம்பரைக்கும் அடையாளமாகிவிட்டது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பற்றீரியாவுக்குச் சவ்வாற் சூழப்பட்ட கரு இல்லை. நியூக்கிளிக் கமிலமோ உண்டு. கருவில்லாத உயிரிலும் கருவின் பெயர்கொண்ட அமிலம் இருக்கிறது. கரு உள்ளவை, இல்லாதவை என உயிர்களைப் பாகுபடுத்த 1925ஆம் ஆண்டிற் சாற்றோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இரண்டு பெயர்களை வழங்கினார். அவர் இலத்தீனை விடுத்துக் கிரேக்கத்தை நாடினார். அவர் எடுத்த கிரேக்கச் சொல் கரியோன். அதற்கும் பொருள் கொட்டையே. மொழி மாறினும் தோட்டம் மாறவில்லை.

மூன்றாவதாக, முகில்களுக்குச் செல்வோம். நீராவி குளிர்ந்தால் நீர்த்துளியாகும் என்பது பழைய அறிவு. 1875ஆம் ஆண்டிற் பிரான்சிற் கூலியேயும், 1880ஆம் ஆண்டிற் கொத்துலாந்தில் ஜோன் எயிற்கனும் ஓர் உண்மையைத் தனித்தனியே கண்டனர். தூசு முற்றாக வடிக்கப்பட்ட வளியில் நீராவி எளிதில் துளியாகாது. துளி திரள்வதற்கு நுண்ணிய துணிக்கை ஒன்று வேண்டும். கடலுப்புத் துகளாகவோ புகைத் துகளாகவோ அது இருக்கலாம். அதனை ஒடுங்கற்கரு என்கிறோம். சூல்கொண்ட மேகம் என்று நம் புலவர் பாடினர். முகிலின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு கரு வேண்டும் என்பதை விஞ்ஞானம் ஆய்வுகூடத்திற் காட்டியது. சிலைடனும் சுவானும் கலத்துக்குப் பொருத்திப் பிழைபட்ட அதே படிமம், முகிலுக்கு மிகச் சரியாகப் பொருந்தியதை நோக்குங்கள். உவமை ஒன்றுதான், பொருந்தும் இடமும் பொருந்தா இடமும் பரிசோதனையாலேயே தெரியும்.

1894ஆம் ஆண்டு கொத்துலாந்தின் பென் நெவிஸ் மலைமீதிருந்த வானிலை நிலையத்தில் வில்சன் என்னும் இளைஞர் சில வாரங்கள் பணியாற்றினார். முகில்மீது ஒளி விழும்போது தோன்றும் வண்ண வளையங்களில் அவர் உள்ளம் ஈடுபட்டது. கேம்பிரிட்சுக்குத் திரும்பியபின் கண்ணாடிக் கலத்தினுள்ளே முகிலை உண்டாக்க முயன்றார். தூசு இல்லாதபோதும், மின்னேற்றம் பெற்ற அயன்கள் துளிகளுக்குக் கருவாக முடியும் என்று கண்டார். 1911ஆம் ஆண்டில், அவருடைய முகிலறையினூடே பாய்ந்த அல்பாத் துணிக்கைகள் தம் வழியெங்கும் நீர்த்துளிகளை விட்டுச் சென்ற சுவட்டைப் படம் பிடித்தார். முகிலை விரும்பிய ஒருவர் அணுவைக் காணும் கண்ணை ஆக்கித் தந்தார்.

அதே 1911ஆம் ஆண்டில் மான்செஸ்ரரில் இரதபோட்டு தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அவருடைய ஆய்வுகூடத்தில் 1909ஆம் ஆண்டிற் கைகரும் மாஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மீது அல்பாத் துணிக்கைகளை வீழ்த்தியபோது, ஒரு சில துணிக்கைகள் வந்த வழியே திரும்பின. அணுவின் நேரேற்றமும், திணிவின் ஏறத்தாழ முழுப்பகுதியும் மிகச் சிறியதோர் இடத்திற் குவிந்திருந்தாலன்றி இது நிகழாது என இரதபோட்டு கணித்தறிந்தார். அணுவின் விட்டத்திற் பல்லாயிரத்தில் ஒரு பங்கே அவ்விடம். அக்கட்டுரையில் அவர் அதற்கு மைய ஏற்றம் என்றே பெயரிட்டார். நியூக்கிளியசு என்னும் சொல்லை அடுத்த ஆண்டளவில் வழங்கலானார். உயிரியலாளரும் வானியலாளரும் பழகிய சொல் பௌதிகத்தின் அரியணை ஏறியது.

இச்சொல்லின் வெவ்வேறு பொருள்கள் ஒரே கருவியிற் சந்தித்த அரிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நைதரசன் அணுவின் கருவை அல்பாத் துணிக்கை தாக்கும்போது நிகழ்வதைக் காணப் பிளக்கற் என்பவர் வில்சனின் முகிலறையைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 23,000 படங்கள் எடுத்தார். அவற்றுள் எட்டில் மாத்திரம் அவர் தேடிய கிளைச்சுவடு கிடைத்தது. 1925ஆம் ஆண்டில் அவை வெளியாயின. அயன்களாகிய முகிற்கருக்கள்மீது நீர் திரண்டமையாலேயே, அணுக்கரு ஒன்று வேறொரு தனிமத்தின் கருவாக மாறியமை மனிதர் கண்ணுக்குப் புலனாயிற்று.

உயிரியல் பௌதிகத்துக்கு மற்றொரு சொல்லையும் ஈந்தது. 1938ஆம் ஆண்டின் இறுதியிற் பேர்லினில் ஹானும் ஸ்திராஸ்மானும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கி, அதிலிருந்து பேரியம் தோன்றியதைக் கண்டனர். அதன் பொருளை விளக்கியவர்கள் லீசா மைற்னரும் அவருடைய சகோதரியின் மகனான பிரிஷும். கருவே இரண்டாகப் பிளந்துவிட்டது என்று அவர்கள் உணர்ந்தனர். கொப்பனேகனில் இருந்த ஆணல்ட் என்னும் அமெரிக்க உயிரியலாளரிடம், ஒரு கலம் இரண்டாவதை உங்கள் துறையில் எவ்வாறு அழைப்பீர்கள் என்று பிரிஷ் கேட்டார். அவர் கூறிய சொல்லே 1939ஆம் ஆண்டில் அணுக்கருப் பிளவின் பெயராயிற்று. உயிர் பெருகுவதைக் குறித்த சொல், ஏழாண்டுகள் செல்வதற்கு முன் வேறொரு முகம் காட்டத் தொடங்கிற்று. 1945ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 6ஆந் திகதி ஹிரோஷிமாவிலும் 9ஆந் திகதி நாகசாக்கியிலும் வீழ்ந்த குண்டுகள் இரு நகரங்களை அழித்தன.

அதன்பின் ஆங்கிலத்தில் இச்சொல்லின் பெயரடை அச்சத்தின் சொல்லாயிற்று. அதன் விளைவை மருத்துவமனையிற் காணலாம். 1946ஆம் ஆண்டிற் பௌதிக அறிஞர்கள் கண்ட கருக்காந்தப் பரிவு என்னும் தோற்றப்பாட்டைக் கொண்டு உடலின் உட்பகுதிகளைப் படம் பிடிக்கும் முறை 1970களில் வளர்ந்தது. நம் உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் வானொலி அலைகளுக்குக் கொடுக்கும் மறுமொழியே அப்படம். அதில் கருப்பிளவும் இல்லை, கதிர்த்தொழிற்பாடும் இல்லை. எனினும், கரு என்னும் சொல்லைக் கேட்ட நோயாளர் அஞ்சுவர் என்று கருதி, மருத்துவ உலகம் 1980களில் அச்சொல்லைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. என நாம் இன்று கூறும் சோதனை அதுவே. நோயைக் காட்டும் கருவியொன்று, தன் பெயரில் இருந்த உண்மையை மறைத்தே நோயாளியை அணுக வேண்டியதாயிற்று. ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளாமல் அஞ்சுவதும் அறியாமையின் ஒரு வகையே.

இனி நம் மொழியை நோக்குவோம். இலங்கையிலே தாய்மொழிக் கல்வி விஞ்ஞான வகுப்புகளுக்கும் விரிந்த காலத்தில், அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. நியூக்கிளியசு என்பதற்குக் கரு என்னும் சொல் நம் பாடநூல்களில் நிலைபெற்றது. தமிழகத்தார் உயிரியலில் உட்கரு என்றும் பௌதிகத்தில் அணுக்கரு என்றும் எழுதுகின்றனர். கரு நமக்குப் புதிய சொல்லன்று. தாயின் வயிற்றில் வளரும் சிசுவும் கரு. முட்டையின் மஞ்சளும் கரு. உலோகம் வார்க்கும் அச்சும் கரு. கதையின் உள்ளீடும் கரு. தொல்காப்பியம் முதல், கரு, உரி எனப் பொருளை வகுத்தபோது, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உயிர்களையும் பொருள்களையும் கருப்பொருளில் அடக்கியது.

இலத்தீன் சொல் ஓட்டினுள் அடங்கியிருத்தலைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் வளர்ச்சிக்கு மூலமாதலைச் சுட்டுகிறது. கலத்தின் பரம்பரை இயல்பைச் சேமித்து வைக்கும் உறுப்புக்கும், மழைத்துளிக்கு மூலமான துகளுக்கும் நம் சொல் இலத்தீனினும் சிறப்பாகப் பொருந்துகிறது. அணுவின் கருவுக்கு அவ்வளவு பொருந்துவதாகச் சொல்லமுடியாது. அணு அதிலிருந்து முளைத்து வளர்வதில்லை. அங்கே உள்ளடங்கிய திணிவு என்னும் பொருளையே நாம் கொள்ள வேண்டும்.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சம் கருவின்மேல் ஏறியது. தமிழில் அது அணுவின்மேல் ஏறியது. அணுகுண்டு, அணு ஆயுதம், அணு உலை என்றே நாம் பேசுகிறோம். அதனாற் கரு என்னும் சொல் தன் மென்மையை இழக்கவில்லை. ஆனால், ஓர் உண்மை மறைந்துபோகிறது. விறகு எரிவதும் அணுக்களின் செயலே. அங்கே புற இலத்திரன்களே இடம் மாறுகின்றன. யுரேனியம் பிளக்கும்போதோ கருவே மாறுகிறது. காபன் அணு ஒன்று எரிவதால் வெளிவரும் சத்தியைவிட, யுரேனியக் கரு ஒன்று பிளப்பதால் வெளிவரும் சத்தி ஏறத்தாழ ஐந்து கோடி மடங்கு பெரிது. இவ்வேறுபாட்டை உணர்த்தக் கருச்சத்தி என்னும் சொல்லே தக்கது. வழக்கிலுள்ள அணுசக்தியை விலக்குதல் இயலாதெனினும், வகுப்பறையிலாவது இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுதல் கடன்.

“நடுவில் இருப்பது கரு” என்னும் விடைக்கு இப்போது மீள்வோம். முதிர்ந்த தாவரக் கலத்திற் பெரிய புன்வெற்றிடம் நடுவிடத்தைக் கைப்பற்றிக்கொள்ள, கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுள்ளது. மனிதரின் முதிர்ந்த செங்குருதிக் கலத்திற் கருவே இல்லை. மூளையில் நரம்புக் கலங்களின் உடல்கள் திரண்ட இடங்களையும் உடலமைப்பியலார் கரு என்பர். அவை ஒன்றல்ல, பல. ஒலியியலார் அசையின் கரு என்று உயிரொலியைக் குறிப்பர். நம் இலக்கண ஆசிரியர்கள் அவ்வொலிக்கு உயிர் என்றும், அதனாலன்றித் தனித்து இயங்காத ஒலிக்கு மெய் என்றும் பெயரிட்டதை இங்கே நினைவுகூரலாம். இவற்றையெல்லாம் “நடு” என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க இயலாது.

ஆகவே மாணவனுக்கு உரிய விடை இதுவாகும். இவை ஒரே பொருள் அல்ல. ஒரே உவமையின் பல பயன்கள். ஒவ்வொரு துறையும் தான் இன்னும் அறியாத ஒன்றைச் சுட்டுவதற்கு அவ்வுவமையைக் கடன் வாங்கியது. பெயரிட்டபின் ஆய்ந்தது, ஆய்ந்தபின் உவமையின் பிழையைத் திருத்தியது. பிறவுண் கலத்தின் கருவுக்குப் பெயரிட்டதற்கும் அதனுள் இருந்த அமிலத்தின் அமைப்புத் தெரிந்ததற்கும் இடையே 122 ஆண்டுகள் சென்றன. அந்த 122 ஆண்டு உழைப்பே விஞ்ஞானம். பெயர் அதன் வாயிற்படி மாத்திரமே. பெயரை மனனம் செய்த மாணவன் வாயிற்படியில் நிற்கிறான். “இங்கே இச்சொல் எதனைச் சுட்டுகிறது? அங்கே எதனைச் சுட்டுகிறது?” என்று கேட்கத் துணிந்தவன் உள்ளே நுழைகிறான். அவ்வினாவை அடக்காது வரவேற்பது, எத்துறையைக் கற்பிப்பவராயினும், ஆசிரியர் அனைவருக்கும் உரிய பொறுப்பாகும்.